கீச்சென்று கத்துவது எந்த பெல்ட்?

கேள்வி: என்னுடையது 2006 மாடல் மாருதி 800. மூன்று வருடத்துக்கு முன் கோரிமேட்டில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஏ.சி. போட்டால் மறுபடியும் கத்துகிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பெல்ட் எல்லாம் போயிடுச்சுங்க, ஃபுல் செட் மாத்திடலாம்" என்று 7,200 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "ஃபேன் பெல்ட் சில நூறு ரூபாய் சமாச்சாரம், ஏமாறாதே" என்கிறார். யார் சொல்வது சரி?
— கன்னங்குறிச்சி வாசகர்

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் வண்டியில் மூன்று பெல்ட்கள் உண்டு. ஒன்று, ஆல்டர்னேட்டரையும் (பேட்டரிக்குக் கரண்ட் கொடுப்பது) வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது. இதைத்தான் எல்லோரும் ஃபேன் பெல்ட் என்கிறார்கள். (மாருதி 800-இல் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுகிறது, பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்பாசடர் காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) இரண்டாவது, ஏ.சி. கம்ப்ரசருக்கானது. மூன்றாவது, மூடிக்குள் ஒளிந்திருக்கும் டைமிங் பெல்ட், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது. அது பல் வைத்த பெல்ட், வழுக்காது. அதனால் இப்படிக் கீச்சிடவும் செய்யாது. உங்கள் காதில் விழுவது வெளியே இருக்கும் இரண்டில் ஒன்று.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? ஸ்டார்ட் செய்வதில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை நிரப்ப முதல் நிமிடம் ஆல்டர்னேட்டர் நன்றாக இழுக்கும், தளர்ந்த பெல்ட் அந்த இழுவையில் வழுக்கும். ஏ.சி. போடும்போது கத்தினால் ஏ.சி. பெல்ட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இன்ஜினை அணைத்து, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சூடான வண்டியில் கரண்ட் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கலாம், ஆகவே ஆறிய பிறகே கை வையுங்கள். பெல்ட்டைத் திருப்பிப் பக்கவாட்டைக் கவனியுங்கள். வி வடிவ பெல்ட் பிடிப்பது பக்கங்களால்தான், அடியால் அல்ல. பக்கங்கள் கருங்காலி மரம் மாதிரி பளபளத்துக் கிடந்தால், அல்லது பெல்ட் புல்லியின் (பெல்ட் ஓடுகிற சக்கரம்) பள்ளத்தில் அடிவரை இறங்கி அடிப்பக்கமும் பளபளத்தால், அதன் ஆயுள் முடிந்தது. எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. உள்பக்கம் குறுக்கே வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட் நன்றாகவே இருக்கிறது, இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் தொளதொளவென்று ஆடுகிறது என்றால், ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி இழுத்து முடுக்கினால் போதும். பலமாக அழுத்தும்போது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமுங்குவது சரியான பதம். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சத்தம் போகிறதே என்று கம்பி மாதிரி முடுக்கிவிட்டால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்று. சத்தத்தை அடக்க சோப்பு தேய்ப்பது, எண்ணெய் விடுவது, ஸ்ப்ரே அடிப்பது எதுவும் வேண்டாம். எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். கத்தும்போது பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. இரண்டாவது வகைக்குப் புது பெல்ட் போட்டும் பயன் இல்லை.

சரி, அப்படியென்றால் ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றுகிறாரா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் தந்த தாளில் டைமிங் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், ஆயில் சீலும், லேபரும் இருந்தால் அந்தத் தொகை வானத்திலிருந்து குதித்ததல்ல. மூடியைக் கழற்றிச் செய்கிற வேலை அது. நான் கேட்பது ஒன்றுதான். கடைசியாக டைமிங் பெல்ட் மாற்றியது எப்போது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு விற்றவரிடம் ஏதாவது பில் இருந்ததா? பெரும்பாலான இன்ஜின்களில் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்வார்கள். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடங்களில் ரப்பர் இறுகிப்போகும். அது கத்தி எச்சரிக்காது. ஒரு நாள் அறுந்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பல இன்ஜின்களில், டீசல் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றிலும், பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றுகிற செலவு.

ஆகவே இந்த வாரம் வெளி பெல்ட்களில் ஆயுள் முடிந்ததை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது, பழைய பெல்ட் கழன்ற நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உறுமினாலோ ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது. இதற்குத் தனி லேபர் கிடையாது, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். டைமிங் பெல்ட் வரலாறு தெரியாவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில் அதையும் முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக, உருப்படி வாரியாக விலை எழுதி வாங்குங்கள். "ஃபுல் செட்" என்பது எந்த பில்லிலும் இருக்கக் கூடாத வார்த்தை. கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். எஸ்டேட்டின் பழைய டீசல் ஜீப்பை நான்தான் ஓட்டுவேன், பராமரிப்பும் என் பொறுப்பு. சேலத்துக்கு இறங்கும்போது பாதி மலையில் பேட்டரி லைட் எரிந்தது. கொஞ்ச தூரத்தில் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிட்டது. எப்படியோ ஓரம் கட்டினேன். திறந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து கிடக்கிறது. அது போட்டு இருபது நாள்தான் ஆகிறது! வாங்கிய கடையில் "ரப்பர் ஐட்டத்துக்கு கியாரண்டி இல்லை, விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கே" என்கிறார்கள். பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? பணம் திரும்பக் கிடைக்குமா?
— ஏற்காடு வாசகர்

பதில்: முதலில் பிரேக். பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான (நம் மிதிக்குப் பலம் கூட்டிக் கொடுப்பது) வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நிற்கும், அதோடு வேக்குவமும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருக்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் பிரேக் வேலை செய்யும், ஆனால் முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். அடிவாரம் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அடுத்த முறை இறக்கத்தில் அந்த லைட் எரிந்தால், விட்டு விட்டு மிதித்து மிச்ச வேக்குவத்தைத் தீர்த்துவிடாதீர்கள். கியரைக் குறைத்து இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, ஒரே அழுத்தாக மிதித்து, மலைப்பக்கம் ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. நின்றதும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் வாட்டர் பம்ப்பும் ஃபேனும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. இன்ஜின் கொதித்துவிடும்.

இனி பணம். கடையோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், உங்கள் சாட்சியே அதுதான். ஒரு பக்க ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் புல்லி கோணலாக இருக்கிறது. ரப்பர் ஊதி, மெதுமெதுவென்றிருந்தால் எங்கிருந்தோ ஆயில் ஒழுகி அதன் மேல் பட்டிருக்கிறது. தேய்மானமே இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் படக்கென்று அறுந்திருந்தால், மாட்டும்போது ஆல்டர்னேட்டரைத் தளர்த்தாமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றியிருக்கலாம். அப்படி நெம்பினால் உள்ளே இருக்கும் இழை அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் ஓடி, பிறகு காலை வாரும். இந்த மூன்றிலும் கடைக்காரர் மேல் தவறு இல்லை. மூன்றாவது, மாட்டியவரின் சேவைக் குறைபாடு.

நான்காவது ஒன்றும் உண்டு, நம் ஊரில் அதைக் கேட்டே ஆக வேண்டும். உங்களுக்குக் கொடுத்தது வண்டி பெல்ட்தானா? சேலத்தில் தறி மோட்டாருக்கும் மாவு மில்லுக்கும் ஏ-38, ஏ-40 என்று பெல்ட் விற்கிறார்கள். ஏ என்பது பருமன், மேல் அகலம் சுமார் 13 மில்லிமீட்டர். பின்னால் வரும் எண் அங்குலக் கணக்கில் உள் நீளம். ஜீப் புல்லியில் பார்வைக்குப் பொருந்திவிடும். ஆனால் அது பெரும்பாலும் துணி சுற்றிய பெல்ட். பானட்டுக்குள் இருக்கிற சூட்டுக்கும், ஆல்டர்னேட்டரின் சின்னப் புல்லியில் நொடிக்கு நொடி வளைவதற்கும் செய்யப்பட்டதல்ல. வண்டிக்கு வருகிற வி பெல்ட்டில் பக்கங்கள் வெறும் ரப்பராகவும் உள்பக்கம் பல் பல்லாக வெட்டியும் இருக்கும். "ஜீப்புக்கு" என்று சொல்லி வாங்கிய பிறகு தறி பெல்ட்டைக் கொடுத்திருந்தால், அங்கே கடைக்காரர் வசமாக மாட்டுகிறார்.

அவர் சொன்ன அந்த பில் வாசகத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் இத்தனை நாள் என்று போட்டிருந்தால் அந்த நாள், இல்லாவிட்டால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே கணக்கில் சேரும். உங்களுக்கு இருபது நாள்தான் ஆகிறது. பில்லையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், எழுதியும் கொடுத்துவிடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. பில் எஸ்டேட் பெயரில் இருக்கிறதா உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லாபத்துக்கான தொழிலில் பயன்படுத்த வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு. ஒரு பெல்ட்டின் விலைக்காக ஆணையம் வரை போவதா என்றால், நான் போக மாட்டேன். மலையில் பிரேக் போனதற்காக என்றால் யோசிப்பேன்.

கேள்வி: என் வண்டியில் பழைய பெல்ட்டில் 4பிகே 875 என்று இருக்கிறது. கடையில் 880 கொடுத்து "இதுவே செட் ஆகும் சார்" என்றார். ஆன்லைனில் அதே 875 எண்பது ரூபாய் குறைவு. எதை வாங்க?
— சூரமங்கலம் வாசகி

பதில்: 4 என்பது பெல்ட்டின் உள்பக்கம் நீளவாட்டில் ஓடும் வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் வடிவம், 875 மில்லிமீட்டரில் நீளம். வரி எண்ணிக்கையில் சமரசமே கூடாது. நீளத்தில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல் என்றால், ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்குகிற வண்டியில் பெரும்பாலும் சமாளிக்கும். இறுக்க வழியே இல்லாத, இழுத்து மாட்டுகிற வகை பெல்ட் என்றால் எண் அப்படியே இருந்தாக வேண்டும். எண் அழிந்துபோன பழைய பெல்ட்டை நூல் வைத்து அளந்து வாங்காதீர்கள். அது நீண்டிருக்கும். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் கடையில் கேட்டலாக் பார்த்துச் சரியான எண் சொல்வார்கள்.

எண்பது ரூபாய்க்காக ஆன்லைன் போவது உங்கள் இஷ்டம். எங்கே வாங்கினாலும் கவரில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம் வருடம், வரிகள் உட்பட்ட எம்.ஆர்.பி., புகார் எண் நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எம்.ஆர்.பி.க்கு மேல் "ஜி.எஸ்.டி. தனி" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். பெல்ட் முதுகில் அச்சான எண்ணும் கவரில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். ஐந்தாறு வருடம் ஷெல்ஃபில் கிடந்த பெல்ட்டை நான் தள்ளுபடி விலைக்கும் வாங்க மாட்டேன்.

கேள்வி: மாற்றிய பழைய பெல்ட்டை டிக்கியில் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?
— அம்மாபேட்டை வாசகர்

பதில்: வெடிப்பில்லாமல், முன்ஜாக்கிரதையாக மாற்றியது என்றால் தாராளமாக. மடித்து முறுக்காமல், பெரிய வளையமாக, ஆயில் படாத இடத்தில் வையுங்கள். கூடவே ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனரையும் வையுங்கள். நான் ஒரு முறை கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி நின்றபோது பெல்ட் இருந்தது, ஸ்பேனர் வீட்டில் இருந்தது.