செயின் அறுந்த சொகுசுக் கார்: வாரண்டி எதுவரை கைகொடுக்கும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். சென்னையிலுள்ள பழைய கார் விற்பனை நிறுவனம் ஒன்றிடம் 2014 மாடல் ஜெர்மன் டீசல் செடான் ஒன்றை 11 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது மீட்டர் 82,000 கி.மீ. காட்டியது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓராண்டு வாரண்டி எழுதிக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் நாங்குநேரி அருகே என்ஜின் சத்தமிட்டு நின்றுவிட்டது. டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்பத் திறந்து மூட வைக்கும் என்ஜின் சங்கிலி) அறுந்திருக்கும் என்கிறார் வண்ணாரப்பேட்டை மெக்கானிக். செயின் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று நிறுவனம் கைவிரிக்கிறது. என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாமா?

பதில்: இப்போது பிரிக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்தும் பார்க்க வேண்டாம். இத்தகைய வழக்குகளில் வாங்கியவர் தோற்பதற்குப் பெரும்பாலும் வாரண்டியின் வாசகம் காரணமாவதில்லை. எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் உள்ளூர் ஷெட்டில் என்ஜினைத் திறந்துவிட்டு, பழுது முன்பே இருந்ததா, பிரித்தபோது வந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நிற்பதே காரணமாகிறது. முன் அனுமதியின்றிப் பிரித்தால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனையும் இவ்வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். எனவே குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட பணிமனையில் என்ஜின் பிரிக்கப்படும், உங்கள் பிரதிநிதியை அனுப்புங்கள் என்று சேர்ப்பித்ததற்கான சான்றுடன் கூடிய ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் விற்றவருக்கு எழுதுங்கள். காரைத் தயாரித்த நிறுவனம் அங்கீகரித்த பணிமனை நெல்லையில் இல்லையென்றால், இருக்கும் ஊருக்கு வண்டியை ஏற்றிச் செல்லும் செலவைப் பார்க்காதீர்கள். அங்கே எழுதித் தரப்படும் அறிக்கையின் எடை வேறு. விற்றவர் தரப்பில் யாரும் வராவிட்டால் முழுவதையும் வீடியோ எடுத்து, அறுந்த செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது வழுக்கி ஓடும் கைடு, வடித்த ஆயிலில் ஒரு பாட்டில் ஆகியவற்றை முத்திரையிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘தேய்மானப் பொருள்’ என்ற வாதத்துக்கு வருவோம். சில என்ஜின்களில் செயினுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் பெல்ட்டை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே அட்டவணையில் சொல்லியிருப்பார். செயினுக்குப் பெரும்பாலான என்ஜின்களில் அப்படி ஒரு கெடு கிடையாது. என்ஜினின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டிய பாகமாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் காரின் சர்வீஸ் அட்டவணையில் செயின் மாற்றும் கெடு இல்லையென்றால், பிரேக் பேடோடும் கிளட்ச் பிளேட்டோடும் அதைச் சேர்த்துப் பேசும் விற்பனையாளரின் வாதத்துக்கு அந்த அட்டவணையே நல்ல மறுப்பு. ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில் செயின் என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறதா, ஒரு பாகம் கெட்டதால் மற்றொன்றுக்கு வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டா என்ற மூன்றையும் வரி வரியாகப் பாருங்கள். செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டும் தப்பாது. செலவின் பெரும்பகுதி அங்கேதான் இருப்பதால் இரண்டாவது விலக்கு உங்களுக்கு முக்கியம்.

செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் அறுகிறது? சில என்ஜின்களுக்கு அது பிறவிக் குறை. பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் என்ஜின் இதில் பெயர் போனது. அதில் செயின் பின்புறம், ஃபிளைவீல் பக்கம் இருப்பதால், அதை மாற்றவே என்ஜினை இறக்க வேண்டியிருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் ஆயில்தான் காரணம். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. பழைய, குறைந்த, கெட்டியான ஆயிலில் செயின் தளர்ந்து, பிளாஸ்டிக் கைடுகளை அரைக்கத் தொடங்கும். ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் டீசல் காரில் புகை வடிகட்டியில் சேரும் கரியைக் கூடுதல் டீசல் செலுத்தி எரிக்கும் சுத்திகரிப்பு முடிவதில்லை. அப்போது எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. 15,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று புத்தகம் சொன்னாலும், நம் வெயிலுக்கும் புழுதிக்கும் அதில் பாதியே நல்லது என்பது என் கருத்து.

விற்றவர் உங்களிடம் மறைத்த ஏதேனும் உண்டா என்பதையும் இப்போதே தேடுங்கள். மீட்டரைத் திருத்துபவர்கள் முகப்பு எண்ணை மாற்றுவார்கள். ஆனால் பழைய பழுதுக் குறியீடுகளுடன் அப்போதைய கிலோமீட்டர் காரின் பிற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிந்திருப்பதுண்டு. ஸ்கேனரில் அதைப் படித்து அச்செடுக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் சென்னையும், அதே மாதம் நம் தாமிரபரணிக் கரையும் வெள்ளத்தில் மூழ்கின; உங்கள் கார் அதில் சிக்கியதா என்றும் பாருங்கள். என்ஜினுக்குள் நீர் புகுந்து லேசாக வளைந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) பல மாதம் ஓடிய பிறகுகூட உடையலாம். பழைய காப்பீட்டுப் பாலிசியை வாங்கிப் பாருங்கள்: முறையாகப் புதுப்பிக்கப்பட்டு வந்த பாலிசியில், 2024இல் மட்டும் க்ளெய்ம் இல்லாமைக்கான தள்ளுபடி பூஜ்யமாகியிருந்தால், முந்தைய ஆண்டு க்ளெய்ம் வாங்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் ஒன்று உறுதியானாலும் உங்கள் வழக்கு வாரண்டித் தகராறாக மட்டும் நிற்காது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் வாதிடலாம்.

நோட்டீஸுக்குப் பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரில் தாக்கல் செய்யப் பிரிவு 34 இடமளிப்பதாலும், ‘சென்னை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்ற ரசீது வரியைக் கண்டு தயங்க வேண்டாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பழுதை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பப் பிரிவு 38இன்படி ஆணையத்திடம் கேட்கலாம். முத்திரையிட்ட பாகங்கள் அப்போதுதான் பயன்படும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். பல நிறுவனங்கள் அங்கேயே சமரசத்துக்கு வந்துவிடுகின்றன. நிறுவனத்திடம் வாங்கியதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. தனி நபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

காப்பீட்டில் கேட்கலாமா என்று சிலர் சொல்லியிருப்பார்கள். என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி, நீர் புகுதல், ஆயில் கசிவு போன்றவற்றுக்கானது; தேய்ந்து அறுந்த செயினுக்கு அதில் பணம் கிடைப்பது அரிது.

இறுதியில் பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்த முடிவுசெய்தால், அதன் கொள்முதல் ரசீதைக் கேட்டு வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புதிய என்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த எண்ணைத் தெரிவித்துவிடுங்கள்.