வெடித்த ரேடியேற்றரோடு வவுனியாவரை போகலாமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, இரவு முள்ளியவளைப் பக்கம் இருந்து வரும்போது றோட்டில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்தப் போய், காரின் முன்பக்கம் மதகுக் கட்டில் இடித்துவிட்டது. ரேடியேற்றரின் மேற்பக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக்கில் விரல் நீளத்துக்கு மெல்லிய வெடிப்பு. எஞ்சின் சூடானால் அதால் தண்ணி சீறுது. புதிய ரேடியேற்றர் கொழும்பில் இருந்து வர நாலு நாள் செல்லுமாம். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் கிளினிக். எதையாவது பூசிக்கொண்டு போய்வரலாமா?"

தம்பி, அந்த வெடிப்பை அடைக்கலாம். அடைத்த பிறகு ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறினால் மட்டும் அம்மாவை ஏற்றுங்கள்.

முதலில், தண்ணீர் ஏன் சூட்டில் மட்டும் சீறுகிறது என்று பார்ப்போம். ரேடியேற்றர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். உள்ளே அத்தனை பார் அழுத்தம் ஏறும்வரை மூடி திறக்காது என்று அர்த்தம். 1 பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகைவரை தாங்கும். அந்த அழுத்தம்தான் எஞ்சினைக் காப்பாற்றுவது, உங்கள் வெடிப்பை அகலப்படுத்துவதும் அதே அழுத்தம்தான்.

அடுத்து, கசிவு சரியாக எங்கே என்று பாருங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டியை அலுமினியப் பற்கள் கடித்துப் பிடித்திருக்கும். அதற்கிடையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வெடிப்பு தொட்டியின் நடுவில் என்றால் வேலை செய்யலாம். பற்கள் கடிக்கும் விளிம்பால் கசிந்தால் எந்தப் பசையும் நிற்காது. அப்படியென்றால் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஆயத்தமாகுங்கள்.

நடுவில்தான் வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நன்றாக ஆறியபின், வெடிப்புக்குக் கீழே மட்டம் இறங்கும்வரை தண்ணீரை ஒரு பேசினில் இறக்குங்கள். கூலன்ட் (எஞ்சின் தண்ணீரோடு சேர்க்கும் திரவம்) கலந்த தண்ணீர் இனிக்கும், நஞ்சும்கூட. நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும், முற்றத்தில் ஊற்றிவிடாதீர்கள். பிறகு வெடிப்பின் இரண்டு நுனியிலும் 2 மில்லிமீற்றர் துறப்பணத்தால் சின்னத் துளை போடுங்கள். துறப்பணத் தூள் உள்ளே விழாமல் மெதுவாகப் பிடிக்க வேண்டும். துளை வட்டமாக இருப்பதால் வெடிப்பு அதைத் தாண்டி ஓடாது. இதைச் செய்யாமல் மேலே மட்டும் பூசினால், பசைக்கு அடியாலேயே வெடிப்பு நீண்டுகொண்டு போகும்.

சுற்றிவர இரண்டு விரல் அகலத்துக்குச் சவர்க்காரத்தால் கழுவிக் காயவிட்டு, சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். கடையில் எபொக்சி (இரண்டைக் கலந்து பூசும் பசை) கேட்கும்போது, 120 பாகைக்கு மேல் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். வீட்டில் கதிரை ஒட்டுகிற பசை எஞ்சின் சூட்டில் பாணிபோல இளகிவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு, அதன்மேல் ஜன்னலுக்கு அடிக்கும் கம்பி நுளம்பு வலையில் ஒரு துண்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு. வலை இல்லாவிட்டால் பசை தனியாக நின்று சூட்டிலும் அதிர்விலும் உரிந்துவிடும். 24 மணித்தியாலம் தொடவே கூடாது. அரை மணியில் இறுகிவிட்டதுபோல் இருக்கும், நம்பாதீர்கள்.

ஓட்டை அடைபட ரேடியேற்றர் தண்ணீருக்குள் மஞ்சள் தூள் போடச் சொல்லி யாராவது கட்டாயம் சொல்வார்கள். செய்யவேண்டாம். அப்படிப் போட்டு ஓடிய வான் ஒன்றை நான் பிரித்தேன். தெர்மோஸ்ராற்றின் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) வாயில் பச்சைமஞ்சள் களி விரலால் வழிக்கும் அளவுக்கு அப்பியிருந்தது. ஓட்டையை அடைக்கும் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. கடையில் விற்கும் கசிவுத் தூள்களுக்கும் எனக்கு இதே பதில்தான். முட்டை வெள்ளைக்கரு பற்றிப் பேச்சே வேண்டாம்.

நிரப்ப எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பாவிக்க வேண்டாம். கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளை உப்பு, ரேடியேற்றரின் சின்னக் குழாய்களிலும் படியும். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். வழியில் ஆபத்துக்கு மட்டும் எந்தத் தண்ணீரும் சரி.

இப்போது சோதனை. வியாழன் வெயில் நேரம், நீங்கள் தனியாக, ஒட்டுசுட்டானைச் சுற்றியே அரை மணி ஓட்டுங்கள். நிறுத்தி, பூச்சின் ஓரத்தில் வெள்ளைக் கடதாசியை ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், ஆறியபின் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். இறங்கவில்லை என்றால் போகலாம்.

வெள்ளிக்கிழமை விடியப்புறமே கிளம்புங்கள். நெடுங்கேணி வழி கிட்டத்தான், ஆனால் காட்டுக்குள் நின்றுபோனால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? மாங்குளம் ஏறி ஏ9 ஆல் போங்கள். கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று நிறுத்திப் பார்க்க இடம் இருக்கிறது. ஏசி போடாமல், மணிக்கு 50ஐத் தாண்டாமல் ஓடுங்கள். 5 லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டு பின்னால் இருக்கட்டும். சிலர் மூடியை முதல் பிடியில் தளர்வாக விட்டு அழுத்தத்தைக் குறைத்து ஓடுவார்கள். பூச்சுக்கு நல்லது, ஆனால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறும். நடுவழியில் கசியத் தொடங்கினால் அடுத்த சந்திவரை போய்ச்சேர மட்டும் அது உதவும், அதையும் எஞ்சின் ஆறியபின்தான் செய்யவேண்டும்.

சூடு காட்டும் முள் மேலே ஏறினால் நிறுத்தவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தாலும் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிவிட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும், அதனால் குளிர் என்று காட்டும். அந்த நேரத்தில் "ஆறிவிட்டது" என்று ஓடித்தான் பலபேர் எஞ்சின் ஹெட்டை (எஞ்சினின் மேல்பாகம்) வளைக்கிறார்கள். நிறுத்தினால் முக்கால் மணியாவது மூடியில் கை வைக்காதீர்கள். சூட்டு எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கலாம்.

புதிய ரேடியேற்றர் வந்ததும் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். மதகில் இடித்த கார் என்பதால், பூட்டமுதல் ஃபானைக் கையால் சுற்றிப் பாருங்கள். இதழ் ஒன்று வளைந்து உரசினாலும், புதிய ரேடியேற்றரையும் அது கிழித்துவிடும்.