சுவருக்குள் மறைவதற்கு முன்: வீடு கட்டுவோர் கேள்வி-பதில்

கேள்வி (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்): வாய்க்காலை ஒட்டிய மனையில் 1,200 சதுர அடியில் வீடு கட்ட இருக்கிறோம். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி ஒரே தொகை சொல்கிறார். எழுதிக்கொள்ளலாமா என்றால், "ஊர்க்காரனுக்கு எதற்கு எழுத்து?" என்று முகம் சுளிக்கிறார். ஒப்பந்தம் எழுதுவது அவசியமா? எழுதினால் எதையெல்லாம் எழுத வேண்டும்?

பதில்: அவசியம். ஊர்க்காரர் என்பதாலேயே அவசியம். நாளைக்குக் கோயிலிலும் கல்யாணத்திலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள். வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் வருகிற மனத்தாங்கல் பெரும்பாலும் ஏமாற்றால் வருவதில்லை. 'சதுர அடி' என்ற ஒரே சொல்லை இருவரும் இருவிதமாகப் புரிந்துகொண்டதால் வருகிறது. நீங்கள் நினைக்கும் 1,200 சுவரோடு சேர்ந்த அறைகளின் பரப்பு. அவர் கணக்கில் போர்டிகோவும், மாடிப்படியின் மேல் எழும்பும் ஹெட்ரூமும், சில சமயம் லாஃப்டும் சன்ஷேடும்கூடச் சேர்ந்திருக்கும். எது முழு அளவு, எது பாதி அளவு, எது கணக்கிலேயே வராது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். செப்டிக் டேங்க், சம்ப், சுற்றுச்சுவர், போர்வெல் ஆகியவை தொகைக்குள் அடங்குமா என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது கடைக்கால், அதாவது அஸ்திவாரம். ஒப்பந்தங்களில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த வேலைதான் நம் பகுதியில் அதிகக் கவனம் கேட்பது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் வயல், ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஊறி உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறவரை வாய்க்காலோரத்து மனைகளில் நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும், பிறகு இறங்கும். களிமண்ணின் இந்த உப்பலும் சுருக்கமும் வீட்டின் ஒரு மூலையில் கூடுதலாகவும் மற்றொரு மூலையில் குறைவாகவும் நிகழும்போதுதான், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்புகிறது. "பக்கத்து வீட்டுக்கு நாலடி தோண்டினோம்" என்பது இதற்குப் பதிலாகாது. மண் பரிசோதனை செய்து, கடைக்காலின் ஆழத்தையும் வகையையும் ஒரு பொறியாளரிடம் கையெழுத்தோடு வாங்கி, அதை ஒப்பந்தத்துடன் இணையுங்கள். உப்பும் களிமண் ஆழமாக இருந்தால், அடியில் குமிழ்போல விரிந்த அண்டர்ரீம்டு பைல்களை இறக்கி அவற்றின் மேல் பீம் கட்டும் முறையைப் பொறியாளர் சொல்லக்கூடும். செலவு கூடுகிறதே என்று அந்த இடத்தில் பேரம் பேச வேண்டாம். அதேபோல, பேஸ்மட்டத்துக்குள் வயல் களிமண்ணையே கொட்டித் திமிசு போட்டு மூடும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காமல், மணலோ கிராவலோ கொண்டு அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பொருள்களைப் பொறுத்தவரை "நல்ல தரமான" என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு, அளவை எழுதுங்கள். கம்பி என்றால் எஃப்.இ. 500டி தரம், சிமென்ட் என்றால் எந்த வகை, மூட்டையில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்ற வரம்பு, ஒயர் என்றால் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர். டைல்ஸ் என்றால் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை அவர் பொறுப்பு என்ற உச்ச விலை. வரி பற்றியும் கேட்டுவிடுங்கள். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிய ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு, மேஸ்திரி ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதம் வரும். சொன்ன விலை வரியோடா, வரியில்லாமலா என்பது கடைசித் தவணையில் தெரியவரக் கூடாது. சிமென்ட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், அதற்கு முன் போட்ட விலையை இப்போதும் யாராவது சொன்னால் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலைக் கணக்கில் கொடுங்கள்: பேஸ்மட்டம், நிலை மட்டம், தளம், பூச்சு என்று ஒவ்வொன்றும் முடிந்த பிறகே அதற்குரிய தவணை. பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு ஐப்பசி-கார்த்திகை மழை கடந்த பின் தருவதாக எழுதுவது என் யோசனை. இதற்கு மேஸ்திரிகள் எளிதில் ஒப்புவதில்லை. ஒப்புகிறவர் கிடைத்தால் சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே கொடுப்பேன்.

கேள்வி (திருவையாற்றிலிருந்து): வீட்டுக்கு வந்த 12 மி.மீ. கம்பி 50 எண்ணத்தையும் எடை போட்டதில், பில்லில் உள்ளதைவிட 40 கிலோ குறைவாக இருந்தது. "கம்பெனிக் கம்பியே அப்படித்தான் வரும்" என்கிறார் கடைக்காரர். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) லோடும் குறைவாகத் தெரிகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு இது 0.89 கிலோ அளவில் வரும். வழக்கமான 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி 10.66 கிலோ, 50 கம்பி 533 கிலோ. ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரநிலை இதில் சிறிது ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது: ஒரு தொகுதிக்கு 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 3 சதவீதம். உங்கள் பில்லில் 533 கிலோ என்றிருந்தால், 40 கிலோ குறைவு என்பது ஏழரை சதவீதம். ஆகவே கடைக்காரர் சொல்லும் சமாதானம் இங்கே செல்லாது.

குறைவு 5 சதவீதத்துக்குள் இருந்தாலும் அவர் சொல்வது பாதிதான் சரி. அந்த அனுமதி கம்பி உருட்டும் ஆலைக்கு உரியது. எடைக்கு விற்கும் வியாபாரிக்கு அல்ல. தராசில் 506 கிலோ நின்றால் 506 கிலோவுக்குத்தான் பில் போட வேண்டும். கம்பியை எண்ணி, அட்டவணை எடையால் பெருக்கிப் பில் போடும் கடைகளில்தான் இந்தக் குறை ஒளிந்துகொள்கிறது. எனவே வாங்கும்போதே எடைமேடைச் சீட்டின்படிதான் பணம் என்று சொல்லிவிடுங்கள். கம்பியின் மேலேயே தயாரிப்பாளர் பெயரும் தரமும் புடைத்திருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் உள்ள சி.எம்./எல். உரிம எண்ணை, இந்தியத் தர அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். எடைக்குறைவுப் புகாரைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையரிடம் கொடுக்கலாம். ஆனால் கம்பியை வளைத்துக் கட்டிக் கான்கிரீட் போட்ட பிறகு கொடுக்கும் புகாருக்குச் சாட்சியே இருக்காது. பில்லையும் எடைச்சீட்டையும் படம் எடுத்துக்கொண்டு, புகாரை விசாரிக்கும்வரை கம்பியைத் தொடாமல் வையுங்கள்.

மணலின் யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுங்கள். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்கு ஆறு கன அடி குறைவு. இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உயரத்தை நடுவில் குவிந்த இடத்தில் மட்டும் அளக்காமல் நான்கு மூலையிலும் குச்சி விட்டு அளந்து சராசரி பாருங்கள். ஈரமான மணல் காய்ந்த மணலைவிட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ உப்பி நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஈர லோடு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், காய்ந்தால் இறங்கிவிடும்.

அளவைவிடப் பெரிய கவலை, கல் உடைக்கும் ஆலையின் கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று தள்ளிவிடுவது. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீருமாகக் குலுக்கி வையுங்கள். நல்ல மணல் விரைவில் படிந்து தண்ணீர் தெளியும், தூசியானால் நெடுநேரம் கலங்கியே நிற்கும். இது மேலோட்டமான சோதனைதான். பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையா என்று கேட்டு, சான்றின் நகலை வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி (நாகப்பட்டினத்திலிருந்து): புதுமனை புகுவிழா நடந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. கீழ்ச்சுவர்களில் மூன்றடி உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து விழுகிறது. பெயின்ட் கம்பெனி சுவரைக் குறை சொல்கிறது; ஒப்பந்ததாரர் பெயின்ட்டைக் குறை சொல்கிறார். யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

பதில்: மூன்றடி என்று நீங்கள் எழுதிய அளவே பாதி விடையைத் தருகிறது. பெயின்ட் குறையாக இருந்தால் சுவர் முழுவதும் உரியும்; தரையிலிருந்து ஒரு மட்டம் வரை மட்டும் உரிந்தால் அது பெரும்பாலும் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். கீழிருந்து ஈரம் ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாக, உப்பு அங்கேயே தங்கிப் பெயின்ட்டைத் தள்ளுகிறது. பேஸ்மட்டத்தின் மேல் ஓதம் தடுக்கும் அடுக்குப் போட்டார்களா என்பதே ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கலவைக்கும் நனைப்புக்கும் எந்தத் தண்ணீர் பயன்பட்டது என்பது இரண்டாவது. இதற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உப்பு போர்வெல்லைக் காட்டி இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஒப்பந்ததாரர் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார். ஐ.எஸ். 456 தரநிலைப்படி, கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து அறிக்கை வாங்குங்கள்.

பெயின்ட் உத்தரவாதச் சீட்டில் சுவரின் ஈரத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி அநேகமாக இருக்கும். ஆகவே நியாயமாகப் பார்த்தால் உங்கள் வழக்கு கட்டியவர் மீதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் 'சேவை' என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. முதலில் குறைகளைப் படங்களுடன் எழுதி, சரிசெய்ய ஒரு தேதி குறித்து, ஒப்பந்ததாரருக்கு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பலனில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நீங்கள் அவருக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்; மனுக் கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், "அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். பொறியாளர் ஒருவரின் ஆய்வறிக்கை இல்லாமல் போனால் ஆணையத்தில் உங்கள் வார்த்தைக்கு அவர் வார்த்தை என்றாகிவிடும்.

இதற்கிடையில் அந்தச் சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கரைந்த உப்பு மீண்டும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, உதிர்வதை அள்ளி எறியுங்கள். ஓதத்தின் காரணம் நிற்காமல் புட்டி வைத்து மறுபடி பெயின்ட் அடிப்பது பணத்தைச் சுவரில் பூசுவதே. மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று கூடுதலாகக் கவனியுங்கள்: சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருந்தால் போதும், கடற்காற்று நேராகப் படும் இடத்தில் 45 மி.மீ. வேண்டும். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் நாளன்று சென்ட்ரிங் மேல் ஏறி நீங்களே பாருங்கள்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து): ஹாலுக்கு வாங்கிய டைல்ஸில் நான்கு பெட்டி நிறம் மாறியிருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதாகக் கடையில் சொல்கிறார்கள்.

பதில்: அந்த அச்சுக்கு நீங்கள் நினைக்கும் அளவு வலு இல்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் சொல்லாதபோது 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்கும். நான்கு பெட்டியிலும் அவை வேறாக இருந்தால் கடைக்காரர் மறுக்க முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால், இதுபோன்ற சிறு தகராறுகள் பேச்சிலேயே தீர வாய்ப்புண்டு. நிறம் பிடிக்கவில்லை என்று மனம் மாறித் திருப்புவதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பதித்துவிட்டவற்றுக்கும் கேட்பது கடினம். ஆகவே பதிப்பதற்கு முன் எல்லாப் பெட்டியையும் பிரித்து, பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்பிப் பாருங்கள். உடைசலுக்கும் பின்னாளைய பழுதுக்கும் இரண்டு பெட்டி கூடுதலாக அதே பேட்ச்சில் வாங்கி வைப்பது நல்லது.

கேள்வி (பட்டுக்கோட்டையிலிருந்து): மாடுலர் கிச்சனுக்கு முழுவதும் எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த) பலகை போதும், விலை பாதிதான் என்கிறார்கள். போதுமா?

பதில்: மேல் அலமாரிகளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குக் கீழும் தரையை ஒட்டிய பெட்டிகளுக்கும் வேண்டாம். ஒருமுறை குழாய் ஒழுகினால் எம்.டி.எஃப். ஊறி உப்பும், பிறகு பழைய நிலைக்கு வராது. அந்த இடங்களுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பலகைகள் வந்திறங்கும் நாளில், லேமினேட் ஒட்டுவதற்கு முன், முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் தவணையைக் கொடுக்க வேண்டும்.