வாசகர் கேள்வி – பதில்: படகுகள் கடக்கும் நீர்ப்பூட்டும் தடுப்பணையும்

கேள்வி: கூச்சிங்கில் வேலை செய்யும் என் மகன், சரவாக் ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பணையையும் அதையொட்டிப் படகுகள் கடந்து செல்லும் ‘லாக்’ எனப்படும் நீர்ப்பூட்டையும் காட்டினான். அந்தக் கதவு திடீரெனத் திறந்துகொண்டால் படகில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற பயம், வீடு திரும்பிய பின்னும் எனக்குப் போகவில்லை.
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால் நீங்கள் பயந்த இடத்தைவிட, பலர் கவனிக்காமல் விடும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். உலகின் பல நீர்ப்பூட்டுகளில் இரட்டைக் கதவுகள், நீர்மட்டம் உயர்ந்திருக்கும் மேட்டுநீர்ப் பக்கம் கூர்முனையை நீட்டியவாறு ஒன்றையொன்று சாய்ந்து மூடிக்கொள்ளும். மேட்டுநீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால், இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகும்வரை அவற்றைத் திறப்பது நடவாத காரியம். இரு முனைக் கதவுகளுக்கும் இடையே படகு நின்று ஏறி இறங்கும் தொட்டியை நிரப்பவும் வடிக்கவும் பம்பு தேவையில்லை; சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ செல்லும் குழாய்களின் அடைப்பைத் திறந்தால், தண்ணீர் தானே பள்ளம் பார்த்துப் பாயும்.

தொட்டிக்குள் உண்மையில் கண்வைக்க வேண்டியது கயிற்றின் மீது. நீர்மட்டம் இறங்கும்போது, சுவரின் மேலுள்ள கட்டையில் முடிச்சுப் போட்டு இறுகக் கட்டப்பட்ட படகு தண்ணீரோடு இறங்க முடியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். கயிறு விறைத்து, முனகி, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். ஆகவே கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்தபடி, தண்ணீர் இறங்க இறங்கத் தளர்த்த வேண்டும். சில இடங்களில் நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் கட்டைகளைச் சுவரிலேயே பொருத்தியிருக்கிறார்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் இருப்பதும், நீர் இறங்கும்போது, பின்னாலுள்ள கதவின் அடியில் நீருக்குள் மறைந்திருக்கும் படி போன்ற திண்டின் மேல் படகின் பின்புறம் உட்கார்ந்துவிடாமல் முன்னே தள்ளி நிற்பதும் இதே அளவு முக்கியம்.

பெரிய விபத்துகள் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே நேர்கின்றன. 2005 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில், மாண்ட்கோமரி அணையின் நீர்ப்பூட்டைவிட்டு மேல்நோக்கிப் புறப்பட்ட ‘எலிசபெத் எம்’ என்ற இழுவைப் படகு, வெள்ளப் போக்கை எதிர்க்க முடியாமல் பின்னோக்கி இழுக்கப்பட்டு அணையைத் தாண்டி விழுந்தது. படகிலிருந்த 7 பேரில் 4 பேர் உயிரிழந்தார்கள். 2016 டிசம்பர் 29 அன்று நெதர்லாந்தின் மாஸ் ஆற்றில், மூடுபனியில் வழிதவறிய பென்சீன் கப்பல் ஒன்று, கிராவே ஊரின் தடுப்பணையை உடைத்துக்கொண்டு போயிற்று. தடுப்பணைக்கு மேற்பகுதியில் நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் சரிந்து, படகுவீடுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. இரண்டு இடங்களிலும் கதவு தானாகப் பழுதாகவில்லை. எவ்வளவு வெள்ளத்தில், எவ்வளவு பனியில் போக்குவரத்தை நிறுத்துவது என்பதை முன்னதாகவே எழுதி வைத்து, பண இழப்பு நேர்ந்தாலும் அந்த வரம்பில் உறுதியாக நிற்பதும், படகுகள் காத்திருக்கும் இடத்தை அணையின் இழுப்புக்கு எட்டாத தொலைவில் வைப்பதும்தான் இத்தகைய விபத்துக்கு மருந்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். கதவுக்கு முன்னாலுள்ள சுவர்ப் பள்ளங்களில் இறக்குவதற்கு மாற்று அடைப்புப் பலகைகள் ஆயத்தமாக உள்ளனவா என்பதையும் உங்கள் மகன் அங்கே கேட்டுப் பார்க்கலாம். தொட்டியை முழுதாக வற்றவைத்து, வழக்கமாக நீருக்கடியில் மறைந்திருக்கும் இரும்பையும் கான்கிரீட்டையும் சோதிக்க அவை இல்லாமல் முடியாது.

கேள்வி: இடர் என்பது நிகழ்தகவையும் விளைவையும் பெருக்கிக் கிடைப்பது என்று பாடத்தில் படித்தோம். அணைக்கும் அது போதுமா?
– ஒரு கல்லூரி மாணவர், நிபோங் திபால்

பதில்: தொடக்கத்துக்குப் போதும், தம்பி. ஆனால் அடிக்கடி நேரும் சிறு சேதமும், தலைமுறைக்கு ஒரு முறை நேரும் பேரழிவும் பெருக்கினால் ஒரே எண்ணாக வரக்கூடும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. அதனால் பொறியாளர்கள் மூன்று கேள்விகளைத் தனித்தனியே எழுப்புகிறார்கள்: வெள்ளம், நிலநடுக்கம் போன்ற எந்தச் சுமை எத்தனை முறை வரும், அதற்குக் கட்டமைப்பு எப்படி ஈடுகொடுக்கும், அந்த நேரத்தில் நீரின் வழியில் யார் இருப்பார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தன் அணைகளை அவசரத்தின்படி 5 வகுப்புகளாகப் பிரித்து, முதல் வகுப்பை உடனடிக் கவனத்துக்கு வைக்கிறது.

மூன்றாவது கேள்வியை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே விளக்கும். 2013 அக்டோபர் 23 அன்று, விடிவதற்கு முன், கனமழைக்குப் பிறகு கேமரன் மலையின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. அணை உடையவில்லை. ஆனாலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரமிருந்த வீடுகளுக்குள் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைப் பறித்தன. மலேசிய அணைப் பாதுகாப்பு மேலாண்மை வழிகாட்டி 2017இல் வந்தது. அதையும் தேடிப் படியுங்கள்.

கேள்வி: தாழ்வான தடுப்பணைக்குக் கீழே என் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள். ஓர் ஆள் உயரம்கூட இல்லாத வீழ்ச்சி, பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: கட்டாயம் பயப்பட வேண்டும். விளிம்பைத் தாண்டும் தண்ணீர் நேராக அடிக்குப் பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலெழுந்து, அதில் ஒரு பகுதி மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கியே திரும்பி வருகிறது. அகப்பட்டவரை அது சுவருக்கு இழுத்து, கீழே அமுக்கி, மேலே விட்டு, மறுபடி இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்புவது அரிது. வீழ்ச்சி ஒரு மீட்டர் இருந்தாலே இந்தச் சுழல் உருவாகலாம். மேலே மழை பெய்து நீர் கூடும்போது, வெளிப்பார்வைக்கு ஆறு அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு கடுமையாகும்.

பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் கீழே அழைத்துச் செல்லுங்கள். யாராவது அகப்பட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கிய துயரங்கள் பல. கரையில் நின்றபடி கயிறு, வாளி, மிதவை எது கிடைத்தாலும் வீசுங்கள். மற்றொருவர் 999ஐ அழைத்து, ஆற்றின் பெயரையும் அருகிலுள்ள பாலத்தையும் சொல்லட்டும்.