தண்டனை முடிந்த வீரர் மீண்டும் களமிறங்கலாமா?

இதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. சிறைத்தண்டனை நீதிமன்றம் தருவது. தடை விளையாட்டு அமைப்பு விதிப்பது. ஒப்பந்தம் கிளப்பின் விருப்பம். சிறைக்கதவு திறந்தால் மற்ற இரண்டும் தானாகத் திறக்காது.

அமெரிக்க கால்பந்து வீரர் மைக்கேல் விக்கைப் பாருங்கள். நாய்ச்சண்டை நடத்திய வழக்கில் 2007-ல் 23 மாதத் தண்டனை. 2009-ல் என்எஃப்எல் (அமெரிக்க கால்பந்தின் தொழில்முறை லீக்) அவரை நிபந்தனையோடுதான் சேர்த்தது: முதலில் பயிற்சி, பிறகு சீசன் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் கடைசி இரண்டு, அப்புறம்தான் முழு அனுமதி. என் கணக்கில் இதுதான் சரியான வழி. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனோ பாலியல் வன்கொடுமை வழக்கில் சிறையிலிருந்து 1995 மார்ச்சில் வெளியே வந்தார், ஆகஸ்டிலேயே வளையத்தில் ஏறிவிட்டார். குத்துச்சண்டைக்கு உலகளவில் ஒரே நிர்வாகம் கிடையாதே!

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் எனக்கு அளவுகோலே வேறு. சிறுவர் பயிற்சி முகாம், ரசிகர் சந்திப்பு பக்கமே விடக்கூடாது. ஆடுவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.