கழுதைக்கு 12 நாள், உங்களுக்கு 3 நாளா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் பாரிசுக்கு வந்து 22 வருடம். இந்த நாட்டில் நான் கண்டது எங்கள் புறநகர், லா ஷப்பல் தமிழ்க் கடைகள், வேலைக்குப் போய்வரும் ரயில், அவ்வளவுதான். இப்போது 46 வயது. கொரோனா காலத்தில் மகனோடு சைக்கிள் ஓடத் தொடங்கினேன். மார்ன் ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறில் 80 கிலோமீட்டர் சாதாரணமாகப் போய்வருவோம். வரும் ஆகஸ்டில் தெற்கு பிரான்சில், லெ புய் ஊரிலிருந்து செவென் மலைகள் வழியாக சேன்-ழான்-து-கார் வரை போக நினைக்கிறோம். ஏறத்தாழ 220 கிலோமீட்டர். நாளுக்கு 75 என்று 3 நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். சரிவருமா? இன்னொன்று, அந்த ஊர்களில் எங்களைப் போன்றவர்களை எப்படிப் பார்ப்பார்களோ என்று மனைவிக்குப் பயம். நீங்கள் அந்தப் பக்கம் சைக்கிளில் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம், பாரிஸ் புறநகர்

அன்புள்ள நண்பருக்கு,

3 நாள் சரிவராது. 6 நாள் வைத்துக்கொள்ளுங்கள். 1878இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் கிட்டத்தட்ட இதே வழியில் ஒரு கழுதையோடு நடந்தார். அவருக்கு 12 நாள் ஆனது. நீங்கள் அதில் பாதி எடுத்தால் போதும், கால்வாசிக்கு ஆசைப்பட வேண்டாம்.

உங்கள் கணக்கில் என்ன பிழை என்றால், அது சமதளமான மார்ன் ஆற்றங்கரைக் கணக்கு. அங்கே கிலோமீட்டரை எண்ணினால் நேரம் தெரிந்துவிடும். செவென் பக்கம் மீட்டரை எண்ண வேண்டும், அதாவது ஏறும் உயரத்தை. பெரும்பாலான ஊர்களை ஆற்றுப் பள்ளத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். காலையில் பள்ளத்திலிருந்து ஏறி, மேட்டில் கொஞ்சம் ஓட்டி, சாப்பாட்டுக்கு மறுபடி பள்ளத்தில் இறங்கினால், சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏற்றம். 40 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏறிவிடும் நாள்கள் வரும். சுமையோடு அது முழு நாள் வேலை. காகித மிஷ்லன் சாலை வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள். சாலைமேல் சின்னச் சின்ன அம்புமுனைகள் போட்டிருப்பார்கள். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம். நான் மூன்று முனையைக் கண்டால் வேறு சாலை தேடுவேன்.

அடுத்தது கியர். என் அனுபவம் சொல்கிறேன். நான் முதல்முறை போனபோது சைக்கிளில் முன்பக்கம் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்பக்கம் பெரியது 28 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் நகரும். சமவெளியில் அது சொர்க்கம். பின்னால் 15 கிலோ பையோடு 7 சதவீத ஏற்றத்தில் அந்த இரண்டரை மீட்டரையும் முழங்கால்தான் தூக்க வேண்டும். ப்ளேமார் என்ற ஊரிலிருந்து ஃபினியேல் கணவாய்க்கு, 1,541 மீட்டர் உயரத்துக்கு, ஏறிக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் முடியவில்லை, இறங்கிவிட்டேன். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஸ்டீவன்சன் வழியில் நடக்க வாடகைக்குக் கழுதை கிடைக்கிறது. அவர்களோடு இரண்டு பிள்ளைகளும் ஒரு கழுதையும். கழுதை என்னை முந்திக்கொண்டு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது என் வண்டியில் முன்னால் 26, பின்னால் 34. ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 6 கிலோமீட்டர்கூட வராது, நடையைவிடக் கொஞ்சம் வேகம். ஆனால் நிற்காமல் போகலாம், பேசிக்கொண்டும் போகலாம்.

இப்படி லேசான கியர் போடுவது கௌரவக் குறைச்சல் என்று உங்கள் மகன் சொல்லக்கூடும், அந்த வயது அப்படி. அந்தச் சண்டை இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்தாயிற்று. செவென்னுக்கு வடக்கே சேன்த்-எத்தியேன் நகரத்தில் போல் த விவீ என்று ஒருவர் இருந்தார். வெலோசியோ என்ற பெயரில் எழுதுவார். மலையில் ஏற வேண்டுமானால் சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று பத்திரிகை நடத்தியே வாதாடினார். எதிர்ப்பக்கம் தூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதினார் அவர். பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937 வரை அனுமதியே இல்லை. பாருங்கள், தெக்ராஞ் கணக்குப்படியே உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. மகன்தான் பொறுக்க வேண்டும்.

ஏறுவதைப் பற்றியே பேசுகிறேன், இறங்குவதுதான் ஆபத்து. ஃபினியேலைத் தாண்டினால் போன்-த-மோன்வேர் வரை 650 மீட்டருக்கு மேல் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகும், ரப்பர் கருகும் வாசம் வரும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, நேர்ச்சாலையில் விட்டுவிட வேண்டும். வாசம் வந்தால் நின்றுவிடுங்கள். நிற்பதற்கு அந்த இடத்தில் காரணமும் இருக்கிறது: மரமில்லாத மொட்டை மேடு, பனியிலும் மூடுபனியிலும் வழி தவறாமலிருக்க முன்னோர் நட்ட ஆளுயரக் கற்கள், காற்று. கீழே அந்தச் சின்ன ஊரில்தான் 1702இல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரைக் கொன்று புரொட்டஸ்டண்ட் மக்களின் கலகம் தொடங்கியது. இன்று பாலத்தருகே காப்பிக் கடை நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

சாப்பாடு. பாரிசில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது. 12 மணி ஆனால் கடை மூடும், 2 அல்லது 3 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகல் பல ஊர்களில் எதுவுமே இல்லை, திங்களன்று பாண் (ரொட்டி) கடையும் மூடியிருக்கும். ஒரு திங்கள் 12.20க்கு ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பையிலிருந்த பாதி வாழைப்பழத்தோடு தேவாலயப் படிக்கட்டில் இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலேயே மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், பூவுக்கு ஊற்ற அநேகமாகக் குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண் என்றதும் ஒன்று. இலங்கைத் தமிழில் சொல்லும் 'பாண்' என்ற சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதே லத்தீன் வேர். செவென்காரர்கள் செஸ்ட்நட் மரத்துக்கு வைத்த பெயரே பாண் மரம். கோதுமை விளையாத சரிவுகளில் அதன் கொட்டையைக் காயவைத்து மாவாக்கித்தான் பல தலைமுறை பிழைத்தது. லெ புய்யில் பச்சைப் பருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நம் மைசூர்ப் பருப்பும் அதுவும் ஒரே செடியினம்தான். கூடாரத்துக்கு வெளியே அடுப்பு வைத்தால் அரை மணிநேரத்துக்குள் வெந்துவிடும், கரையாது.

உங்கள் மனைவியின் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பார்ப்பார்கள். ஆள் குறைந்த ஊர்களில் புதிதாக யார் வந்தாலும் பார்ப்பார்கள், நம்மை இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ழூர்' (வணக்கம்) என்று இருக்கட்டும். அதைச் சொல்லாமல் நேராகச் சாமானைக் கேட்டால் முகம் சுருங்கும், அது யாருக்கும்தான். சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி பெரும்பாலும் எங்கிருந்து ஏறி வந்தீர்கள் என்பதாக இருக்கும். அப்புறம் அவர்களுக்கு உங்கள் தோலைவிடச் சுமைதான் கண்ணில் படும். ஒருமுறை ஒரு கிழவர் என் பையைத் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நடந்தது இவ்வளவுதான். எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆகஸ்ட் வேண்டாம். கூடார இடங்கள் நிரம்பியிருக்கும், தெற்குச் சரிவில் வெயில் கொளுத்தும். மகனுக்கு விடுமுறை தொடங்கியதும், ஜூலை முதல் வாரத்தில் கிளம்புங்கள். பாரிசின் பெர்சி நிலையத்திலிருந்து கிளெர்மோன்-ஃபெரான் போகும் ரயிலில் சைக்கிளை முழுசாக ஏற்றலாம், அதற்குத் தனியாக இடம் முன்பதிவு செய்ய வேண்டும். அது நிரம்பிவிட்டால் அதிவேக ரயிலில் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுபோகும் தொல்லைதான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் இரண்டு சைக்கிளிலும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், முன்பக்கச் சின்னதில் எத்தனை பல் என்று எண்ணி எழுதுங்கள். மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.