பிளேடை ஓட விட்டதும் ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) திணறி நின்றுவிடுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்கு வர வேண்டியதில்லை. பழையதாக வாங்கிய வண்டி, இரண்டு சிலிண்டர், 22 குதிரைத்திறன், 46 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பகுதி). சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, மேட்டிலும் ஏறுகிறது. பிளேடு சுவிட்சை மேலே இழுத்தால் மட்டும் இன்ஜின் முக்கி முனகி அடங்கிப்போகிறது. பட்டறையில் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார்கள். தயவுசெய்து இன்னும் பணம் கட்டாதீர்கள்.

நான் இருப்பது வட கரோலைனாவில். இங்கே ஃபெஸ்க்யூ புல் ஏப்ரல், மே மாதங்களில் வெட்ட வெட்ட வளரும். அக்கம்பக்கத்தில் யாருடைய மோவர் படுத்தாலும் எங்கள் கராஜுக்குத்தான் வரும். இந்தத் திணறலோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் இன்ஜினில் இருக்காது, டெக்கில்தான் இருக்கும். காரணம் எளிது. சமதரையில் வண்டியை நகர்த்த இன்ஜினுக்குப் பெரிய சிரமம் இல்லை, பிளேடைச் சுழற்றிப் புல்லை வெட்டத்தான் அதன் பலத்தில் பெரும்பகுதி போகிறது. ஊரில் டிராக்டரில் பிடிஓ (இன்ஜின் பலத்தைக் கருவிக்குத் தரும் தண்டு) போட்டு ரொட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

முதலில், அது எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியை அணைத்தது போல 'டக்'கென்று நின்றால் அது திணறல் அல்ல. சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்ச், 'ஆள் உட்கார்ந்திருக்கிறார்' என்ற செய்தியைத் தரவில்லை என்று அர்த்தம். ஆள் இல்லாமல் பிளேடு ஓடினால் இன்ஜினை அணைப்பதுதான் அதன் வேலை. அங்கே உள்ள வயர் சாக்கெட்டைப் பாருங்கள். சத்தம் கீழே இறங்கி, கரும்புகை விட்டு, இழுத்து இழுத்து நின்றால் அதுதான் உண்மையான திணறல், தொடர்ந்து படியுங்கள்.

இன்னொன்று: இன்ஜின் குறைந்த வேகத்தில் ஓடும்போது சுவிட்சை இழுத்தால் நல்ல இன்ஜினும் திணறும். மெதுவாகப் போட்டால் வண்டிக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு இழுங்கள். வெட்டும்போது முழுதாக வையுங்கள். இந்த இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3300 முதல் 3600 சுற்றுகளில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை.

அப்புறம் டெக். சாவியை எடுத்துவிடுங்கள், இரண்டு ஸ்பார்க் பிளக் வயர்களையும் பிடுங்கி ஓரமாக வையுங்கள், தோல் கையுறை போடுங்கள். இதில் சமரசம் வேண்டாம், பிளேடு விரலைப் பார்த்து ஓடுவதில்லை. டெக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பிண்டிலின் (பிளேடைத் தாங்கிச் சுற்றும் தண்டு) புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல ஸ்பிண்டில் சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது கரகரவென்று மணலை அரைப்பது போல விரலுக்கே தெரியும். சில சமயம் முழுதாக இறுகியிருக்கும். ஸ்பிண்டிலுக்கு அடியில் துருப்பொடி செம்பழுப்பாகப் படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து பேரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டெக்கை ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவர்களின் வண்டியில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பிளேடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லிகளையும் விட்டுவிடாதீர்கள். முழு ஸ்பிண்டில் வாங்க வேண்டும் என்பதில்லை. பல ஸ்பிண்டில்களில் பேரிங் தனியாகக் கழன்று வரும், பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் கடையிலேயே கிடைக்கும்.

டெக்கின் அடியில் காய்ந்த புல் சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள். பிளேடைச் சுற்றிக் கயிறோ கம்பியோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டி என்பதால் பெல்ட்டின் எண்ணையும் ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளர் அளவு குறைந்த பெல்ட்டைப் போட்டிருந்தால் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

இப்போது பெல்ட் இல்லாமலே பிளக் வயர்களை மாட்டி ஸ்டார்ட் செய்து, சீட்டில் உட்கார்ந்து சுவிட்சை இழுங்கள். சுற்றுவதற்கு டெக்கே இல்லாதபோதும் திணறினால் சந்தேகம், இன்ஜினின் சுழற்சியை டெக் பெல்ட்டோடு சேர்க்கும் எலக்ட்ரிக் கிளட்ச் மீதுதான். அதன் பேரிங் போயிருக்கலாம், அல்லது காயில் அதிக கரண்ட் இழுக்கலாம். மல்டிமீட்டரில் காயில் 2 முதல் 4 ஓம் வரை காட்டுவது வழக்கம், அதைவிட மிகக் குறைவாக இருந்தால் உள்ளே ஷார்ட். பேட்டரியில் வோல்டேஜும் பாருங்கள். கிளட்ச் போட்டதும் அது சரிந்தால், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள ஃபியூயல் சொலினாய்டு (மின்சாரம் இருந்தால் திறக்கும் பெட்ரோல் வால்வ்) மூடிக்கொண்டு பெட்ரோல் நின்றுபோகும். அதைப் பார்த்து இன்ஜினுக்குப் பலமில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

டெக் லேசாகச் சுற்றுகிறது, பெல்ட் இல்லாதபோது கிளட்சும் சரி, ஆனால் பெல்ட்டை மாட்டி, புல்லே இல்லாத கான்கிரீட்டில் ஓட்டினாலும் திணறுகிறது. அப்போதுதான் இன்ஜினுக்கு வர வேண்டும். உங்களுடையது இரண்டு சிலிண்டர் என்பதால் முதல் சோதனை இதுதான்: இரண்டும் எரிகிறதா? ஒரு சிலிண்டர் செத்துப்போனாலும் இந்த இன்ஜின்கள் சும்மா ஓடும், மேட்டிலும் ஒருவாறு ஏறும், பிளேடு போட்டால் மட்டும் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சிறிது நேரத்திலேயே இரண்டு பக்க சைலன்சர் குழாயின் சூட்டையும், இன்ஜினோடு சேரும் இடத்தில், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குறைவாக இருந்தால் அந்தப் பக்க பிளக்கை மாற்றுங்கள், தீரவில்லையென்றால் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். இரண்டுமே புது இன்ஜினோடு ஒப்பிடவே முடியாத சிறு செலவு.

இரண்டும் எரிந்தால், சோக்கை (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) பாதி இழுத்துப் பிளேடு போடுங்கள். அப்போது நன்றாக இழுத்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்த எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) பிசின் போலப் படிந்துவிடும். ஃபில்டரை மாற்றி, ஜெட்டைச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். சோக் போட்டால் இன்னும் மோசமாகி, கரும்புகையும் வந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். கவர்னரின் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். பிளேடு போட்டதும் த்ராட்டிலைத் திறக்க வேண்டியது அதுதான். ஃபேன் கவருக்கு அடியில் எலி கூடு கட்டி, கவர்னரின் கம்பியை அசையவிடாமல் செய்வதும் இங்கே நடப்பதுதான்.

இத்தனையும் சரியாக இருந்தால் பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு இன்ஜின் பேச்சை எடுக்கலாம். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்ததில் எப்படி இருந்தது, இரண்டு பக்கமும் எவ்வளவு சூடு, இன்ஜினில் பொறித்துள்ள மாடல் எண் என்ன என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த மாடலுக்கான வால்வ் இடைவெளி அளவைத் தேடித் தருகிறேன்.